சுங்கத்தின் பூட்டு

துணிக்கிடங்கின் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தபோது நான் தையல் மிஷின்களுக்கு நடுவே ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டு பாதியில் நின்றது. தண்ணீர் நீலமாக இருந்தது. துணிச்சாயம்.

அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்று எங்களுடையது, சாவி என் தம்பியின் இடுப்பில். மற்றது சுங்கத்துறையுடையது, சாவி அதிகாரியிடம். உள்ளே இருப்பது வெளிநாட்டிலிருந்து வரியில்லாமல் இறக்கிய துணி. அத்தனையையும் சட்டையாகத் தைத்து வெளிநாட்டுக்கே அனுப்ப வேண்டும். உள்ளூரில் ஒரு முழம் விற்றாலும் குற்றம். அனுப்பாவிட்டால் வரியும் அபராதமும் தலையில் விழும். அதற்கு ஜாமீனாக என் வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன். புருஷன் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையாவது விட்டுப்போனாரே என்று அவ்வப்போது மன்னித்துக்கொள்வேன்.

"டேய் தம்பி! சுத்தியல எடுத்துட்டு வா. பூட்ட உடைப்போம்."

"உனக்கென்ன பைத்தியமா? சுங்கத்தோட பூட்ட உடைச்சா உள்ள தள்ளிருவாங்க."

"துணி நனைஞ்சா மட்டும் மாலை போடுவாங்களா?"

"லேசாத்தான்க்கா ஒழுகுது. மழ விட்டா காஞ்சிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரிக்குப் போன் போடச் சொன்னேன். லைன் கிடைக்கவில்லை என்றான். மறுபடி சொன்னேன், அவர் லீவாம் என்றான். லைனே கிடைக்காதபோது லீவு என்று யார் சொன்னது என்று கேட்கும் நிதானம் எனக்கு அப்போது இல்லை.

குடைகூட எடுக்காமல் சுங்க அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி லீவில் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சார், என் பொழப்பே உள்ள நனையுது. வந்து திறந்து விடுங்க."

"எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. நாளைக்கு வர்றேன்."

"நாளைக்குத் துணி இருக்காது சார். சாயத்தண்ணிதான் இருக்கும்."

மாமியாரிடம்கூடத் தலை குனியாதவள் நான். அதிகாரியின் காலில் விழுந்தேன். "எழுந்திரிங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று டப்பாவை மூடினார். வந்தார். நல்ல மனுஷன். வழியெல்லாம் அவர் பிள்ளைகுட்டிகளை வாழ்த்திக்கொண்டே வந்தேன்.

சாவியைக் காணோம் என்றான் தம்பி. அது அவன் இடுப்பிலேயே தொங்கியது. நானே பிடுங்கினேன். இரண்டு பூட்டும் திறந்தன.

முன்வரிசையில் துணிக்கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன, சொட்டச் சொட்ட. ஓடிப்போய் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அதன் பின்னால் கட்டு இல்லை. அடுத்ததன் பின்னாலும் இல்லை. பின்சுவர் வரைக்கும் வெறும் தரை.

அதிகாரி மேலே பார்த்தார். கூரையில் ஒரு தகரம் மட்டும் கோணலாக, புது ஆணிகளோடு இருந்தது. மழை வந்ததும் அந்த வழிதான், துணி போனதும் அந்த வழிதான்.

தம்பி பக்கம் திரும்பினேன். "வித்துட்டியாடா?"

"உன்ன யாருக்கா இவரக் கூட்டிட்டு வரச் சொன்னது? சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டியே! அடுத்த ஆர்டர் வந்ததும் வாங்கி வச்சிரலாம்னு இருந்தேன்."

"என் வீடுடா அது, பாவி!"

"ஆர்டர் பாதியா கொறஞ்சு எத்தன மாசமாச்சு? ஒருத்தருக்காவது சம்பளம் நின்னுச்சா? அந்தக் காசு எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு தடவ கேட்டியாக்கா?"

கேட்கவில்லை. ஒவ்வொரு சம்பள நாளிலும் என் தம்பி கெட்டிக்காரன் என்று தையல் பெண்களிடம் பீற்றிக்கொண்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அது பயம்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீடு போறது போறதுதாம்மா. ஆனா இது உங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னா சொல்லிடுங்க. நீங்களாவது ஜெயிலுக்குப் போகாமத் தப்பிக்கலாம்."

தம்பி என் முகத்தையே பார்த்தான். அவனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடியிருந்தார்கள். போன வாரம்கூடச் சம்பளம் வாங்கியவர்கள்.

"ரெண்டு பேருன்னு எழுதுங்க சார்" என்றேன்.