மனை எண்

மார்ச் 11, திங்கள். இன்று செய்த தவறு: ராட் கட்டும் வில்லோ மனைப்பிரிவைப் பார்த்துவிட்டு எழுதிய படிவத்தில் மனை எண்ணை விட்டுவிட்டேன். பார்த்தது ஒன்பதாம் மனை. கூரை முடிந்துவிட்டது, உள்ளே சுவர்ப்பலகை அடிக்கிறார்கள். டெஸா தொழில் பழக ஏற்ற இடம்தான். எண்ணை நாளை நிரப்ப வேண்டும்.

மறுநாளும் ஹெய்டி அதை நிரப்பவில்லை. அயோவாவின் அந்தச் சிற்றூரில், வீடு கட்டுபவர்கள் சங்கத்தில் அவளுக்கு இருந்தது ஒரே வேலை: பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகளைக் கட்டுமானக்காரர்களிடம் தொழில் பழகச் சேர்த்துவிடுவது. பிள்ளை உள்ளே கால் வைக்குமுன் அந்த வீட்டை அவள் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆட்கள் வேறு வீட்டுக்கு மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் ஒரு மனைப்பிரிவில் நாற்பது வீடுகள் எழும். ஆட்கள் மூன்று நாளைக்கு ஒன்றாகத் தாவிக்கொண்டே இருப்பார்கள். அதனால் எண் எழுதும் இடத்தைக் காலியாக விடுவது அங்கே பழைய வழக்கம். காலியாக இருந்தால் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஹெய்டி மட்டும் இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் எண் எழுதி வந்தாள். "வாத்தியாரம்மா வந்துட்டாங்க, சட்டையை உள்ள விடுங்கடா" என்று தச்சர்கள் அவளைக் கேலி செய்வார்கள்.

செவ்வாய் மாலை, அவள் தான் படிக்கும் மாலை வகுப்புக்குள் நுழையும்போது, வில்லோவில் அவள் சேர்த்துவிட்ட பள்ளி மாணவி டெஸாவின் ஃபோன் வந்தது.

"ஹெய்டி, நாளைக்கு எங்களைப் பதினாறாம் மனைக்கு மாத்துறாங்க. கூரைச் சட்டம் ஏத்துற வேலை. நான் வரலாமான்னு உங்களைக் கேக்கச் சொன்னார் ராட்."

"நீ மேல ஏறப் போறதில்லையே?"

"சேச்சே. கீழ நின்னு எடுத்துக் குடுக்கறதுதான். ஆணி குடுக்குற ராணி நான்."

உள்ளே ஆசிரியர் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். பதினாறைப் பார்ப்பதென்றால் காலை ஆறரைக்கே போக வேண்டும். "சரி, போ. ஹெல்மெட்டைக் கழட்டாத" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

புதன் காலை பத்து மணிக்குக் காற்று எழுந்தது. பதினோரு முக்கோணச் சட்டங்களை நிறுத்தியிருந்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குக் கட்டைகளைச் சாப்பாட்டுக்கு அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். முதல் சட்டம் சாய்ந்தது. மற்றவை வரிசையாக அதன் பின்னால் சரிந்தன. மேலே இருந்த இரண்டு பேர் சுவரைப் பிடித்துத் தப்பித்துக்கொண்டார்கள். டெஸா கீழே நின்றிருந்தாள். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் நொறுங்கியிருந்தன. இனி நடப்பாளா என்று கேட்டதற்கு மருத்துவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

வியாழன் காலை ராட் பிரான்ட்ஸ்மா ஆபீஸுக்கு வந்தார். அந்த மனைப்பிரிவைக் கட்டுகிறவர் அவர்தான். பெட்ரோல் பங்கில் வாங்கிய முட்டை பீட்ஸாப் பெட்டியை மேசைமேல் வைத்தார். இரண்டு நாள் தாடி.

"சாப்பிடும்மா."

"வேண்டாம் ராட்."

"நாளைக்குத் தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வர்றான். படிவத்துல எண் எழுதுனியா?"

"இல்ல."

"ஒம்போதுன்னு எழுதிடு. நீ பாத்தது அதானே? பொய் ஒண்ணும் இல்லையே."

"அப்ப டெஸா எப்படிப் பதினாறுக்கு வந்தா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அவளாத்தான் வந்தா. சின்னப் பொண்ணு, ஆர்வக்கோளாறு. அவ மேல யாரும் வழக்குப் போட மாட்டாங்க."

"என்னைக் கேக்கச் சொன்னதே நீங்கதானே?"

"சரின்னு சொன்னது யாரு?" அவர் குரலை உயர்த்தவில்லை. "பாரும்மா, உன்கிட்ட இன்னும் பன்னெண்டு பிள்ளைங்க இருக்கு. இது வெளிய வந்தா ஒருத்தனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைச் சேத்துக்க மாட்டான். உன் வேலையும் போயிடும். எழுது."

ஹெய்டி பேனாவை எடுத்தாள். தான் கண்ணால் பார்த்த எண்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 9 என்று எழுதினாள். ராட் போன பிறகும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பீட்ஸா ஆறிக் கிடந்தது.

மதியம் டெ மாயின் நகரத்து மருத்துவமனைக்கு வண்டியோட்டிப் போனாள். டெஸாவின் அம்மா மார்லா, முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போடும் சீருடையிலேயே கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ராட் ஃபோன் பண்ணார்" என்றாள் மார்லா. "பாவம், அழுதுட்டார் மனுஷன். இவ யார்கிட்டயும் சொல்லாம அங்க போயிட்டாளாமே? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், சொன்ன பேச்சைக் கேளு, கேளுன்னு. ஒரு நாளாவது கேட்டாளா?"

டெஸாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. மருந்து மயக்கத்தில் நாக்குக் குழறியது.

"ஹெய்டி... நான் உங்ககிட்ட கேட்டேன்ல? அம்மா நம்ப மாட்டேங்கிறாங்க. இல்ல, கனவா அது?"

"கனவுதான்" என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணே அதற்கு வழிவிட்டுக் கொடுக்கிறாள். ஹெய்டி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கனவில்ல டெஸா. நீ கேட்ட. நான்தான் சரின்னேன். இடத்தைப் போய்ப் பாக்காமலே சரின்னேன்."

டெஸா கண்ணை மூடிக்கொண்டாள். மார்லா எழுந்து நின்றாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று ஹெய்டி நினைத்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"காலையிலேர்ந்து இவளைத் திட்டிக்கிட்டே இருக்கேன்" என்றாள் மார்லா. "நகரக்கூட முடியாம கெடக்குறவளை." போர்வையை மகளின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். திரும்பாமலே, "வெளிய போ" என்றாள்.

மார்ச் 14, வியாழன். படிவத்தில் இருக்கும் 9 இன்று எழுதியது, திங்களன்று எழுதியதல்ல. நாளை எட்டு மணிக்கு, ராட் வருவதற்கு முன், இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். செவ்வாய் மாலை டெஸா ஃபோனில் கேட்டதையும் நான் சரி என்றதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு மற்றப் பன்னிரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் நானே ஃபோன் செய்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.