ஏழாவது ஓட்டை

இருபத்தொன்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினேன். ஒன்பது மாடிக் கட்டடம். ஒருநாள் அந்த லிஃப்ட் பதினோராவது மாடியில் போய் நின்றது. கதவு திறந்தது. உள்ளே மேசை போட்டு ஒருத்தர் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இது இல்லை" என்றார். இறங்கி வந்துவிட்டேன். கல்யாணமான புதிதில் என் மனைவி இதை நம்பினாள். அப்புறம் நான் சொல்வதை நம்புவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள், டாக்டர் சொல்லி உப்பைக் குறைக்கிற மாதிரி.

தொப்பி விஷயத்தில் எனக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

புற்றுநோய் வைத்தியத்தில் அவளுக்கு முடி கொட்டிய பிறகு துணி கட்டிப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. டோப்பா வாங்கிக் கொடுத்தேன். போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யார் வீட்டுப் பூனையோ, தேடப் போறாங்க" என்று கழற்றி வைத்தாள். கடைசியில் தலையில் நின்றது, பெயின்ட் டப்பாவோடு சும்மா வந்த நீலத் தொப்பி. பந்து விளையாடுகிறவர்கள் போடுவார்களே, முன்னால் நீட்டிக்கொண்டு, பின்னால் பிளாஸ்டிக் பட்டையோடு, அது. பட்டையில் ஏழு ஓட்டை. ஆரம்பத்தில் மூன்றாவதில் மாட்டினாள். உடம்பு வற்ற வற்ற நான்காவது. அப்புறம் ஐந்தாவது. ஐந்துக்கு மாற்றிய அன்று பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஓட்டை தீர்ற அன்னைக்கு நானும் தீர்ந்துடுவேன்."

வாய் நிறைய நுரை. சரியாகக் கேட்காதவன் மாதிரி துண்டைத் தேடினேன். துண்டு என் தோளில்தான் இருந்தது.

போன வாரம் மூன்று நாள் அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அங்கே காகிதத்தில் ஒரு குல்லா கொடுத்ததால் நீலத் தொப்பி என்னோடு வீட்டுக்கு வந்தது. வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. உள்பக்கம் நெற்றியில் படுகிற பட்டி கறுத்துப் போயிருந்தது. அவள் திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்லது நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

தொப்பி துவைக்க எனக்குத் தெரியும். என் தொப்பி ஒன்றை மிஷினில் போட்டுக் கொன்றவன் நான். நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்துக்குள் அட்டை இருக்கும், ஊறினால் கூழாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆகவே இதை ஊறப்போடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ். முதலில் உள்பட்டி, அப்புறம் துணி, அட்டைப் பக்கம் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி. பிழியவே இல்லை. தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் போயிற்று. அவளுடைய ஏழு மாதத்து ஜுரமும் அதில் போவதாக நினைத்துக்கொண்டேன்.

காய வைப்பதில்தான் சிக்கல். கொடியில் மாட்டினால் கோணிக்கொள்ளும். உள்ளே தலை மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். வீட்டில் தலை மாதிரி இருந்த ஒரே பொருள் என்னுடையது. பட்டையை முதல் ஓட்டைக்குத் தளர்த்தி ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, தெருமுனைச் சாவிக்காரன் கடையில் போய் உட்கார்ந்தேன். வெயில் இல்லை. பதினொரு மணிக்குப் போட்டது நாலு மணிக்குத்தான் காய்ந்தது. காது வழியாகச் சொட்டுகிறதே என்று சாவிக்காரன் கேட்டான். மூளை கசிகிறது என்றேன். அவன் அடுத்த சாவியை ராவ ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்து, பட்டையைப் பழையபடி ஐந்தாவதில் மாட்டி, படுக்கையில் வைத்தேன். புதுசு மாதிரி இருந்தது.

மறுநாள் வந்தாள். தொப்பியைப் பார்த்தாள், முகர்ந்தாள், சிரித்தாள். எடுத்துப் போட்டாள். அது புருவத்தைத் தாண்டி இறங்கிற்று.

கழற்றி ஆறாவதில் மாட்டினாள். தலையை ஆட்டிப் பார்த்தாள். மறுபடி கழற்றி ஏழாவதில் மாட்டினாள். நின்றது.

"மூணு நாள்ல ரெண்டு," என்றாள்.

அப்படியே படுக்கையில் உட்கார்ந்து, அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது, நகராட்சி ரசீதெல்லாம் எந்தப் பையில் இருக்கிறது என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கஞ்சி கொண்டுவந்தேன், இனிமேல் எதுக்கு என்றாள்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஈரத் தொப்பி, என் தலை, ஐந்து மணி நேரம், என் மண்டை பெரிது, துணி விரிந்துகொடுத்துவிட்டது. ஒரு வார்த்தை கூட்டவில்லை. எனக்கே அது என் பேச்சு மாதிரி இல்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பதினோராவது மாடி இதைவிட நல்லா இருந்துச்சு," என்றாள். "பாவம், அவசரத்துல சொல்றீங்க."

சாட்சி இருக்கிறது என்று ஓடிப்போய்ச் சாவிக்காரனைக் கூட்டி வந்தேன். அவன் வாசலிலேயே நின்று, "ஆமாக்கா, அண்ணன் ஈரத் தொப்பியோடதான் உக்காந்திருந்தாரு, மூளை கசியுதுன்னாரு" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். அவனுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். லிஃப்ட் கதைக்கும் இவன்தான் சாட்சி. அன்றைக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அவன் போன பிறகு அவளுடைய தலையை நூலால் சுற்றி அளந்தேன். வேண்டாம் என்றாள், ஆனால் தலையை நகர்த்தவில்லை. நூலை எடுத்துக்கொண்டு சமையலறையில் பாத்திரம் பாத்திரமாகச் சுற்றினேன். குக்கர் பெரிது, தம்ளர் சின்னது. பால் காய்ச்சும் பாத்திரம் நூலுக்கு நூல் சரியாக இருந்தது. தொப்பியை மறுபடி, அட்டை நனையாமல், கொஞ்சம் சூடான தண்ணீரில் அலசி, பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு, ஜன்னலில் வைத்து, எதிரே ஃபேனைப் போட்டேன். அவள் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தோடு ரெண்டு வார்த்தை பேசினேன். குறுக்கே பேசாமல் கேட்டது.

சாயங்காலம் காய்ந்துவிட்டது. நானே அவள் தலையில் வைத்தேன். ஏழாவது ஓட்டை இறுக்கியது. ஐந்தாவதில் எவ்வளவு ஆசையோடு மாட்டினேன் என்பதை எழுதத் தெரியவில்லை. ஐந்தில் ஆடிற்று. ஆறில் நின்றது.

கவிழ்த்த பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தேன்.

"ரெண்டுல ஒண்ணு என் மண்டை," என்றேன்.

"இன்னொண்ணு என்னோடது," என்றாள். அப்புறம், "அப்போ பாதி நெஜம். உங்களுக்கு அதுவே அதிகம்," என்று கஞ்சியைக் கேட்டாள். அது ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தாள், பாதி.

மறுநாள் அவள் தூங்கும்போது தொப்பியைச் சாவிக்காரனிடம் கொண்டுபோனேன். ஏழாவது ஓட்டைக்கு அப்பால் பட்டையில் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. மெல்லிய துளைக்கருவியை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தான். கூலி வாங்கவில்லை.

விழித்ததும் தொப்பியை எடுத்தவள், பட்டையை விரலால் தடவினாள். தடவிக்கொண்டே போன விரல் ஏழைத் தாண்டி நின்றது.

"எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு."

"இன்னும் இடம் இருந்துச்சா?"

"ஒண்ணுக்கு இருந்துச்சு. போட்டா பட்டை ஒடிஞ்சிடும்னான்."

இதை அவள் உடனே நம்பினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, "ஒம்பது" என்று சொல்லி, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.