செம்புப் பட்டை

ராமதாஸ் கொண்டுவந்த ரோஜா மாலையைச் சங்கீதா வாசற்படியிலேயே கைநீட்டித் தடுத்தாள்.

"எங்கப்பா மேல இதப் போடாதீங்க."

சங்கும் சேகண்டியும் ஓய்ந்தன. பந்தலுக்குள் இருந்த உப்பளத்தார் தலைகவிழ்ந்தனர். இருபத்தாறு ஆண்டுகளாக இருசப்பன் எவருடைய பாத்திகளில் உப்பு வாரினாரோ, அந்த முதலாளியை அவர் மகள் ஊர்நடுவே நிறுத்திவிட்டாள்.

விடியலிலேயே அவள் மோட்டார்க் கொட்டகையைப் பார்த்து வந்திருந்தாள். சாலையோர எடைமேடையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, வெண்பாத்திகளின் நடுவே, செல்போன் சிக்னல் எட்டாத தனிமையில் நிற்பது அது. ஆபத்துக்கு அங்கே ஒரு வாக்கிடாக்கி உண்டு. அதற்கு நட்ட ஏரியல் கம்பிகளையெல்லாம் உவர்க்காற்று பருவத்துக்கு ஒன்றாகத் தின்று தீர்த்தது. புதுச்சேரியில் மின்னணுக் கருவிகள் செய்யும் கம்பெனியில் பணிபுரியும் சங்கீதா, சென்ற ஆண்டு மின்சாரம் கடத்தும் செம்புப் பெயிண்ட் கொண்டுவந்தாள். கொட்டகையின் உட்சுவரில், முழத்துக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் இரு பட்டைகளை நேர்குத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தீட்டி, நடுவில் விட்ட விரற்கடை இடைவெளியில் வாக்கிடாக்கியின் ஒயரை இணைத்தாள். மேலே வார்னிஷ் பூசினாள். கம்பியும் இல்லை, துருவும் இல்லை; சுவரே ஏரியலாயிற்று. எடைமேடையிலிருந்து முதல் மறுமொழி வந்தபோது, சந்நிதியில் நிற்பவர்போல இருசப்பன் அந்தச் சுவரை நோக்கிக் கைகூப்பினார்.

இன்று அந்தச் சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. பற்ற இடமற்ற கொடியாய் ஒயர் தொங்கியது. நேற்று நண்பகல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சரிந்தது அதன் அடியில்தான். மாலையில் போய்ப் பார்த்த சாலம்மாள் அத்தை, வாக்கிடாக்கியை அழுத்திப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தே எடுத்தாளாம். எடைமேடையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"செவுத்த யாரு சொரண்டச் சொன்னது? நீங்கதானே?"

"மொத உப்புப் பூசைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னேம்மா. வருஷா வருஷம் அடிக்கிறதுதான."

"கம்பிய மாத்திக் குடுங்கன்னு எத்தினி வாட்டி கேட்டாரு? குடுக்கல. நான் வரைஞ்சு குடுத்தேன். உங்க பூசைக்கு அதுவும் கண்ண உறுத்திச்சா?"

ராமதாஸ் மாலையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் குரல் இறங்கியது.

"வார்னிஷ் மேல சுண்ணாம்பு நிக்கலன்னு உங்கப்பாதாம்மா சொரண்டுனாரு. அந்த எடத்த மட்டும் உட்டுடுன்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லல. இது போனா என்னா பண்றதுன்னு கேட்டேன். 'எம் பொண்ணு ஒரு மணி நேரத்துல வந்து வரைஞ்சிடுவா'ன்னு சிரிச்சாரு."

"பொய்," என்றாள் சங்கீதா. "செத்தவரு வந்து சாட்சி சொல்ல மாட்டாருன்னு பேசுறீங்க."

அவளுக்குக் கோபம் இன்னும் மூண்டது. பின்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவளைச் சாலம்மாள் தோள்பற்றித் திருப்பினாள். குளிப்பாட்டும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

வீட்டின் பின்புறம் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். உறவினர் முறையாய் வந்து உச்சியில் எண்ணெயும் சீயக்காயும் வைத்து விலகினர். சங்கீதாவின் முறை வந்தது. தலைக்கு வைத்தபின் தந்தையின் வலக்கையை எடுத்துக் கழுவினாள். உவர்நீர் வெடிக்கவைத்த விரல்கள். நகக்கண்களில் சுண்ணாம்பு வெண்மையாய் உறைந்திருந்தது. நீர் பட்டு அது கரைந்ததும், அடியில் பொடிப்பொடியாய்ச் செந்நிறம் மின்னிற்று.

அவள் கை நின்றது.

நேற்று முன்தினம் அந்தியில் அவர் வீட்டிலிருந்து போன் செய்திருந்தார். அந்தப் பெயிண்ட் மிச்சம் இருக்குதா என்று கேட்டார். அது அஞ்சு வருஷம் தாங்கும்பா, வேலையா இருக்கேன், போன வெய்யி என்றாள் அவள். அவர் வைத்துவிட்டார். எதற்குக் கேட்டாய் என்று அவள் கேட்கவில்லை.

சாலம்மாள் விளக்குமாற்றுக் குச்சியொன்றை ஒடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நகத்துல அழுக்கு இருக்குது கண்ணு. எடுத்துடட்டுமா?"

நடைவழியே பார்த்தால், வாசலில் ராமதாஸ் மாலையோடு இன்னும் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. சங்கீதா அந்த மாலையைப் பார்த்தாள். தந்தையின் விரல்களைத் தன் இரு உள்ளங்கைகளுக்குள் இறுக மூடிக்கொண்டாள். குடத்து நீர் அந்தக் கைகளின் மேல் விழுந்து, வழிந்து, மண்ணில் இறங்கியது.