வக்கீல் மேல் விழுந்த பழி

"வக்கீல்தான் கொலை பண்ணினான்னு போன வாரம் கதையை முடிச்சீங்களே..."

"நான் வாசிச்சது அப்படித்தானே சம்பந்தி."

"...அவன்தான் பாதிக் கதையிலேயே பெட்டியைத் தூக்கிட்டு ரயில் ஏறிட்டானே. அதையும் நீங்கதான் வாசிச்சீங்க."

"திரும்பி வந்திருப்பான்."

"எந்தப் பக்கத்துல வந்தான்?"

சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே துடைத்தார்.

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்ததிலிருந்து எங்களுக்கு இது வழக்கம். வாரம் ஒரு மத்தியானம் நூலகத்துப் புத்தகத்தோடு வந்துவிடுவார். அவர் வாசிப்பார், நான் கேட்டுக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுவேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கதைதான். ஒரு கம்பளி நூல் கடை, அங்கே கூடிப் பின்னுகிற நாலைந்து பெண்கள், நடுவில் யாராவது செத்துக் கிடப்பார்கள். ஊசியைக் கீழே வைக்காமலே இவர்கள் கொலைகாரனைப் பிடித்துவிடுவார்கள். எனக்குச் செத்தவர் பெயர்கூட நினைவில் நிற்காது. அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுக்காமல் பேசுவார்களே, அதற்காகத்தான் கேட்பேன்.

எங்கள் பிள்ளைகளுக்குள்தான் பேச்சு நின்றுபோய்விட்டது. மகளின் பெட்டிகள் பிரிக்காமல் கூடத்துச் சுவரோரம் கிடக்கின்றன. நாளைக்குக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து முடிந்தது.

"போன வாரம் புத்தகத்தை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்க" என்றேன். "கடைசி அத்தியாயத்தை வாசிச்சுட்டேன். கொன்னது அந்த டீ போட்டுக் குடுக்கற தோழி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"கடைக்காரி அழறப்பல்லாம் பக்கத்துல உக்காந்தவ அவ. அவதான்னு வாய்விட்டு வாசிக்க எனக்கு நாக்கு எழும்பல. அந்த வரியோட நிறுத்திட்டு, மீதியை நானே சொல்லிட்டேன்."

"அதுக்கு ஊர்லயே இல்லாத வக்கீலை மாட்டி விடறதா?"

"எனக்கு இப்போ எந்த வக்கீலையும் பிடிக்கல."

சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

"நாளையிலேர்ந்து நான் இங்கே வரக் கூடாதாமே?"

ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவியது. "யார் சொன்னா?"

"உங்க பொண்ணேதான். போன் பண்ணிச் சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா, குறை சொல்ல முடியாது. என் பையனும் அதையேதான் சொல்றான். இந்த ஒரு விஷயத்துலயாவது ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?"

நான் நழுவிய கண்ணியைத் தேடினேன். மகள் என்னிடமும் சொல்லியிருந்தாள். காதில் வாங்கிக்கொண்டு குக்கரை இறக்கப் போய்விட்டேன்.

"அது யாருக்கு?" மடியில் கிடந்த ஸ்வெட்டரைக் காட்டினார்.

"உங்க பையனுக்குத்தான். பாதிக்கு மேல பின்னினதை என்ன பண்றது? இன்னும் ஒரு கை பாக்கி."

"போட்டுக்க மாட்டான்."

"தெரியும்."

பின்னிக்கொண்டிருந்தேன். சம்பந்தி புத்தகத்தைப் பைக்குள் போட்டார், எழுந்து வாசல்வரை போனார், செருப்பைக் காலால் தேடினார். ஒரு செருப்புதான் அகப்பட்டது. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் நீங்கதான் வாசிச்சிருக்கீங்க. எல்லாம் தெரிஞ்சதுக்கப்புறமும் அந்தப் பொண்ணுங்க மறுபடி அந்தக் கடையில கூடிப் பின்னினாங்களா, சம்பந்தி?"