பியோன் படித்த ஆய்வேடு

"இதை எடுத்து ஒரு குத்துக் குத்திட்டுப் போயேன். யாரு பார்க்கப் போறா?"

சோயாக் குழம்புச் சட்டிக்கும் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்துக்கும் நடுவே முத்திரையை நகர்த்தி வைத்தான் தோக்சூ. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மரக்கட்டை. அடியில் பேராசிரியர் பியோனின் பெயர். அவன் மனைவி ஹேரான் அதைத் தொடவில்லை. சோற்றையும் தொடவில்லை.

"ஆய்வேட்டைக் குடுக்க சாயங்காலம் அஞ்சு மணி கடைசி. முத்திரை உன் கையில. அந்த மனுஷனே போன்ல சொல்லிட்டாரு. இன்னும் என்ன யோசனை? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கிறதே உனக்குப் பொழப்பாப் போச்சு."

"அவரு குத்துன்னு சொல்லல. நான் ஊர்ல இருக்க மாட்டேன், முத்திரை உன் இழுப்பறையிலதானே இருக்குன்னாரு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. அதுதான் விஷயமே."

தோக்சூ கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். பதினோரு வருஷமாகச் சலவைக் கடையில் ஊரார் சட்டையைத் தேய்த்து அவளைப் படிக்க வைத்தவன். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. மலையோரக் கல்லூரி ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. இந்தப் பருவத்துக்குள் முனைவர் பட்டம் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. நாற்பது வயதில் இன்னொரு கல்லூரி கூப்பிடாது என்பது இருவருக்குமே தெரியும்.

அவள் துறையின் வழக்கம் அப்படி. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஐந்து பேராசிரியர்களின் முத்திரை சிவப்பாக விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் நூலகம் வாங்காது. அந்த முத்திரையைத் தேடி எடுக்கக்கூடப் பெரிய மனிதர்களுக்கு நேரம் கிடையாது. உதவியாளர் இழுப்பறையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பியோனின் முத்திரை பதினோரு வருஷமாக அவருடைய உதவியாளரான ஹேரானிடம்தான். விடுப்புக் கடிதம், வருகைப் பதிவு, மற்ற மாணவர்களின் ஆய்வேடு, எல்லாவற்றிலும் குத்தியது அவள் கை. ஆய்வேடு மட்டும் முப்பத்தொன்று. அதில் ஒன்றையாவது பியோன் புரட்டிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. "நல்ல பையன், குத்திக் குடு" என்பார். மதிப்பீடு தீர்ந்தது.

அவளுடையதை மட்டும் படித்தார். கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்துச் செத்தவர்களின் மனைவிமார் இருபத்துமூன்று பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வு அது. துக்க வீட்டிலேயே அந்தப் பெண்களிடம், வெளியே வாய் திறக்க மாட்டேன் என்று தளத்துக்காரர்கள் எப்படிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது நான்காவது அத்தியாயம். அவளுடைய சமூகவியல் துறைக்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொடுத்ததும் அதே தளம்தான். வாய்மொழித் தேர்வில் ஐந்து பேரும் தலையாட்டினார்கள். நான்கு பேர் அங்கேயே முத்திரை குத்தினார்கள். அப்புறம் குத்திக்கலாம் என்றார் பியோன். மறுநாள் தளத்திலிருந்து ஒருவர் துறைத் தலைவர் அறைக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். யாரும் யாரையும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஒரு கடிதமாவது மிஞ்சியிருக்கும்.

முத்திரையையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஹேரான் நேரே பியோனின் அறைக்குப் போனாள். செஜுத் தீவுக் கருத்தரங்குக்காக அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"இதை ஏம்மா இங்க கொண்டாந்த?"

"படிச்சீங்களா சார்?"

"மூணு நாளா. வரிக்கு வரி." அவர் குரல் இறங்கியது. "நல்லா இருக்கு. இருபது வருஷமா இந்தத் துறையில இப்படி ஒண்ணு வரல. அதுதான் தொந்தரவு."

"அப்ப குத்துங்க."

"நாலாவது அத்தியாயத்தை எடுத்துடு. இப்பவே குத்தறேன்."

"அதை எடுத்துட்டா மிச்சம் அட்டைதான் சார் இருக்கும்."

"அதனாலதானே வழி சொன்னேன். மூணு நாள் நான் ஊர்ல இல்ல. நான் வர்றதுக்குள்ள நடக்கறது நடக்கட்டும். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பாம்பும் சாகக் கூடாது, தடியும் ஒடியக் கூடாது. ஹேரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு அந்தத் தளத்துக்காரங்க வந்து கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுவீங்க. கள்ள முத்திரை குத்தினவ நான். என்னை விடுங்க. அந்த இருபத்துமூணு பொம்பளைங்க சொன்னது என்ன ஆகும்? ஆய்வேடே கள்ளம், அதுல இருக்கறதும் கள்ளம்னு ஒரே பேச்சுல முடிச்சுடுவாங்க. புருஷன் செத்த வீட்டுல அவங்க வாயைக் கட்டினது பத்தாதா? மறுபடி என் கையால கட்டணுமா?"

"இத்தனை வருஷம் அடுத்தவனுக்கெல்லாம் குத்தினியே, அப்ப எங்க போச்சு இந்த நியாயம்?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. அவளுக்குக் காது வரை சூடேறியது.

"தப்புதான் சார். முப்பத்தொரு தடவை தப்பு. அதனாலதான் கேக்கறேன். இதையாவது உங்க கையால குத்துங்க."

பியோன் முத்திரையை எடுத்தார். மையில் தோய்த்துக்கூட விட்டார். முதல் பக்கத்துக்கு மேலே கை அப்படியே நின்றது. சன்னலுக்கு வெளியே புதுக் கட்டடம். அடுத்த மாதம் அவர் அறை அங்கே இரண்டாவது மாடிக்குப் போகிறது.

"டாக்சி வந்துடுச்சு" என்றார்.

எந்த வண்டியும் வரவில்லை. முத்திரையைக் காகிதத்தில் துடைத்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அதை அவர் தன்னோடு எடுத்துப் போனது அன்றைக்குத்தான்.

நூலகத்தை ஹேரான் அடைந்தபோது ஐந்து மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. ஆய்வேடு வாங்கும் மேசையில் இருந்த பெண் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா, ஊருக்கெல்லாம் குத்திட்டு உங்களுக்குக் குத்த மறந்துட்டீங்களா? பியோன் சார் முத்திரை உங்ககிட்டதானே இருக்கும்? ஓடிப் போய்க் குத்திட்டு வாங்க, நான் இருக்கேன்."

"அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு."

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "அப்ப நான் வாங்க முடியாதேக்கா."

"வாங்க வேணாம்மா. வாங்கலன்னு பதிவேட்டுல எழுதி எனக்கு ஒரு நகல் குடு. காரணத்தோட."

தோக்சூவிடம் என்ன சொல்வது என்று ஹேரானுக்குத் தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் பதிவேட்டைத் திறந்து, யாரும் எழுதியே இராத கட்டத்தைத் தேடிப் பிடித்தாள்.

"காரணம் என்னன்னு போட? பேராசிரியர் ஊர்ல இல்லன்னு எழுதவா?"

"அது காரணம் இல்ல."

"பின்ன?"

"படிச்சுட்டாருன்னு எழுது."