மெதக்கறதா, பெரிய எழுத்தா?

வாயோரம் வழிந்த கஞ்சியைச் சுஜாதா முந்தானையால் துடைத்தாள். தீனதயாளன் அடுத்த வாய்க்குத் திறக்கவில்லை. கண் மொபைலில் இருந்தது.

"இது தண்ணில வுழுந்தா மெதக்குமாம்" என்றான்.

"இன்னொரு ஸ்பூன் குடிய்யா."

"ஆனா எழுத்து பொடிசா கீது. அந்தப் பெருசுல எழுத்து நல்லாத் தெரியுது, வுழுந்தா முழுவிடும். இன்னா பண்லாம், சொல்லு."

மூன்று மாதமாக இதே பாட்டு. கடலில் எங்கே இருக்கிறோம், கரைக்கு எப்படித் திரும்புவது என்று காட்டும் ஜி.பி.எஸ். கருவி. ஆயுசு முழுக்க மறைமலைநகர் கம்பெனி பஸ் ஓட்டியவனுக்கு, ஓய்வு பெற்றதும் கடல்மேல் ஆசை வந்தது. பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிப் புதுப்பட்டினத்தில் நிறுத்தினான். வலை கிடையாது, தூண்டில்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரத்துக் கோயில் கண்ணில் படுகிற வரைக்கும் போய்த் திரும்புவான். "சும்மா கடலுக்குப் போய்ட்டு வர்ற ஆள இப்பத்தான் பாக்கறோம்" என்று மீனவர்கள் சிரித்தார்கள். ஒருநாள் பனியில் கரை மறைந்து, அணுமின் நிலையத்துப் பக்கம் போய்விட்டார்கள். காவல் படகு வந்து விரட்டியது. அன்றைக்குச் சுஜாதா கும்பிடாத சாமியில்லை. அதிலிருந்துதான் இந்தப் பைத்தியம்.

பிறகு சிறுநீரகம் போனது. செங்கல்பட்டு, டயாலிசிஸ், பஸ், வரிசை என்று அலைந்ததில் அவள் கால் தேய்ந்தது. போன வாரம் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்றார். அன்றிலிருந்து அவள் படுத்துத் தூங்கவேயில்லை.

கிண்ணத்தை ணங்கென்று கீழே வைத்தாள். "இன்னா பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ! எழுந்து நிக்க முடியல, போட்டு ஓட்டப் போறியா? யாருக்கு இந்தக் கருமம்?"

"உனக்குத்தான்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் எங்க போவப்போறேன்? நீதான் போவணும். கண்ணாடி வாங்கிக் குடுத்தும் போட மாட்டேன்ற, அதான் பெரிய எழுத்து. உன் கைல எதுவும் நிக்காது, அதான் மெதக்கணும். ரெண்டும் ஒரே மிஷின்ல வர மாட்டேங்குது." மூச்சு வாங்கினான். "அப்பல்லாம் திரும்பி வரும்போது நீதான ஓட்டுவ. உன் மூஞ்சியப் பாத்துகினேதான் நான் வருவேன். வூட்ல அந்த மூஞ்சியப் பாத்ததில்ல."

அவள் கீழே வைத்த கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள். ஆனாலும் அலுப்பு முந்திக்கொண்டது.

"போட்டை விக்கச் சொல்லி அண்ணங்கிட்ட சொல்ட்டேன்" என்றாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

அவன் கோபப்படவில்லை. மொபைலை அவள் பக்கம் தள்ளினான். "விக்கறதுன்னா வித்துக்க. இது மட்டும் சொல்லு. மெதக்கறதா, பெரிய எழுத்தா?"

"அப்பறம் சொல்றேன். தூங்கு."

பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

மறுநாள் வாசலில் பந்தல் போட்டு, நடுவில் ஐஸ் பெட்டியை வைத்திருந்தார்கள். சுஜாதாவுக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்தபடியே கண் சொக்கியது. "கல்லு மாதிரி உக்காந்துகினு கீறா பாரு" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. பேசிவிட்டுப் போகட்டும். அவளுக்குள் குடைந்தது வேறு. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? பாவி மனுஷன் கேட்டுக்கொண்டே போய்விட்டான்.

தூக்குகிற நேரம் வந்தது. பெண்கள் சுற்றி நின்று, கடைசியாக ஒருமுறை அவளுக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். அண்ணன் சடையப்பன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. போட்டுக்கு மகாபலிபுரத்துலருந்து ஆள் வந்துகீறான். இன்னிக்கே இஸ்துகினு போறேன்றான். இன்னா சொல்லட்டும்?"

"அவரு போனு எங்கண்ணே?"

"இப்ப எதுக்கு அது?"

"குடுண்ணே."

எடுத்துவந்து கொடுத்தார். நேற்று அவன் விட்ட பக்கம் அப்படியே இருந்தது. இரண்டு கருவிகளும் விலையோடு அருகருகே. சுஜாதா எழுந்தாள். "எங்கடி போற, இன்னும் முடியல" என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். உதறிக்கொண்டு போய் ஐஸ் பெட்டி மேல் குனிந்தாள்.

"மெதக்கறதே வாங்கிக்கறேன்" என்றாள். "எழுத்துக்குக் கண்ணாடி போட்டுக்கறேன்."

சாவு மேளம் அந்த நேரம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"அந்த ஆள அனுப்பிடுண்ணே. விக்கல."

திரையில் விரலை வைத்து அழுத்தினாள். மஞ்சள் ஈரத்தில் அது எடுக்கவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு, மறுபடி அழுத்தினாள்.