படைவீரன் நெற்றியில் சிலுவை

மறுநாள் பெரிய வெள்ளி. முட்டம் கோவில் முற்றத்தில், ஏசு சிலுவையில் அறையப்படுவதை நடிக்கும் பாஸ்கா நாடகம். வேடத்துக்கான உடுப்பெல்லாம் குளோரியின் பொறுப்பு. ரோமைப் படைவீரனின் பிளாஸ்டிக் தலைக்கவசத்துக்குத் தங்க நிறம் அடிக்கும் வேலையைத் தம்பி சிலுவைதாசனிடம் கொடுத்திருந்தாள். அவன் மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அவன் கொண்டுவந்து நீட்டியதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றி எரிந்தது. பெயிண்ட் சொட்டுச் சொட்டாக வழிந்து காய்ந்திருந்தது. அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். ஆனால் நெற்றியில், வள்ளத்தின் முன்பக்கத்தில் போடுவதைப் போலவே, சிவப்பில் ஒரு சிலுவை!

"ஏலே, ஆண்டவரைச் சிலுவையில அறையப் போறவன் நெத்தியில சிலுவையா? ஒனக்கு மூளை உண்டா?"

"கைப்பழக்கம்க்கா. அது போடாம நான் எந்த வள்ளத்தையும் விட்டதில்ல."

"இந்தா உப்புத்தாள். தேய்ச்சு எடு."

சிலுவைதாசன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் மாட்டேன். சிலுவைய அழிச்சா பாவம்."

"நாளைக்கு ஆண்டவர் விலாவுல ஈட்டியால குத்தப் போறது யாருலே? நீதானே! அது பாவமில்ல, இது பாவமா?"

"அது நடிப்புல்லா!"

குளோரி தலைக்கவசத்தை வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தாள். சிலுவையைத் தேய்க்கப் போன வலது கை பாதி வழியில் திரும்பி, தானாகவே நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வந்தது.

"சிரிச்சேன்னு வையி, இந்தத் தாளாலயே ஒன் மூஞ்சியத் தேய்ச்சிருவேன்" என்றாள், தம்பியை நிமிர்ந்து பார்க்காமலேயே.